நாக்கில் வைத்த பாதி மாத்திரை

டேய், உன் புத்தகங்கள் இரண்டும் நேற்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. உன் பொண்டாட்டி, அதான் என் தங்கச்சி, ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தாள். அட்டைப் பெட்டியைத் திறந்ததும் குப்பென்று உன் கடை வாசனை. இருமல் மருந்து, டிஞ்சர், கற்பூரம், எல்லாவற்றுக்கும் மேலே நம் ஊர்க் காற்றின் உப்பு ஈரம். என் மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்தக் குண்டு புத்தகமா? இதாலதானே நீங்க சாகக் கெடந்தீங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். இருபது வருஷம் ஆகப்போகிறது. நான் சாகக் கிடந்த கதைக்கு எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் மவுசு குறையவில்லை.

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. உனக்காக ஒரு சோகக் கடிதம் எழுதலாம் என்று நாலு நாள் முயன்றேன். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வரியிலேயே ஜமீலாவின் பால்பவுடர் டப்பா வந்து உட்கார்ந்துகொள்கிறது. சிரிப்பு வந்துவிடுகிறது. சரி, அதையே எழுதுகிறேன். உனக்கும் அழுமூஞ்சிக் கடிதம் பிடிக்காது.

முதல் புத்தகம் வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இரண்டாயிரத்து நாலு. புதுச்சேரியில் ஒரு மருந்துக் கம்பெனியை மூடினார்கள். அங்கிருந்த புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டிருந்தார்கள். நீ பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய், தலைப்பிள்ளையைத் தூக்கிவரும் தகப்பன் மாதிரி. செங்கல் நிறத்தில் அட்டை, சிகரெட் சுற்றும் தாள் போல மெல்லிய பக்கங்கள், எறும்பு ஊர்வது போல எழுத்து. உலகத்தில் உள்ள ரசாயனம், மருந்து, விஷம், சாயம் எல்லாம் வரிசை எண் போட்டு உள்ளே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பெயர், நிறம், எத்தனை டிகிரியில் உருகும், எதில் கரையும், எதற்கு உதவும், எலிக்கு எவ்வளவு கொடுத்தால் சாகும். நூறு வருஷத்துக்கும் மேலாகத் திருத்தித் திருத்தி வந்துகொண்டே இருக்கும் புத்தகம் அது. ஆரம்பத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் விலைப்பட்டியலாகப் பிறந்ததாம். இதை நீ ஊரில் ஒருவர் விடாமல் சொன்னாய். தலைவலி மாத்திரை வாங்க வந்தவர்களுக்குக்கூடச் சொன்னாய். தலைவலி அதிகமாகித்தான் திரும்பிப் போனார்கள்.

நான் கேட்ட முதல் கேள்வி, "நம்ம உப்பு இருக்குதாடா?" என்பது. இருந்தது. மரக்காணத்தில் இத்தனை பாத்தி, இத்தனை ஜனம், இத்தனை லாரி. புத்தகத்தில் அரை விரல் நீளம். எலிக்கு எவ்வளவு உப்பு கொடுத்தால் சாகும் என்பதும் இருந்தது. அதை வைத்து நான் வேலை பார்த்த உப்புக் கம்பெனி மேனேஜருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று நாம் இரண்டு பேரும் பென்சிலால் கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு அந்தப் பக்கத்து ஓரத்தில் இன்னும் இருக்கிறது. நல்லவேளை, மேனேஜர் வேறு காரணத்தால்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்த டிசம்பரில் அலை வந்தபோது கடையைப் பூட்டாமல் இந்தப் புத்தகத்தை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடினவன் நீ. "நான் பின்னால வர்றேனான்னுகூட திரும்பிப் பாக்கலண்ணா" என்று தங்கச்சி இன்றைக்கும் சொல்கிறாள். காரியத்துக்கு வந்த உறவுக்காரர்களிடம்கூட இதைத்தான் முதலில் சொன்னாள்.

அடுத்த வருஷம் உன் புகழ் கோட்டக்குப்பம் வரை பரவியது. அங்கே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில். லீவில் வருகிறவர்கள் சென்ட், சாக்லேட், தைலத்தோடு மாத்திரையும் கொண்டுவருவார்கள். மாத்திரை தீர்ந்துபோனால் அந்தப் பெயரில் இங்கே எதுவும் கிடைக்காது. நீ புத்தகத்தின் கடைசிப் பகுதியைத் திறப்பாய். ஒரே சரக்குக்கு ஊருக்கொரு பெயர், அத்தனையும் அங்கே அடுக்கியிருக்கும். விரலை ஓட்டி, பக்கம் புரட்டி, "அட, இதுவா, நம்ம கடையிலேயே இருக்குது" என்று எடுத்துக் கொடுப்பாய். கல்யாண வீடுகளில் பேச்சு பரவியது. மரக்காணத்தில் ஒரு மெடிக்கல்காரர் குண்டு புத்தகம் வைத்திருக்கிறார், அதில் துபாய் மாத்திரைக்கெல்லாம் ஜாதகம் இருக்கிறது என்று.

அப்படித்தான் ஒரு நாள் காலை ஜமீலா பஸ் ஏறி வந்தாள். கையில் வெளிநாட்டுப் பால்பவுடர் டப்பா. மூடியைத் திறந்து உன் மேசையில் வைத்தாள். உள்ளே பாதிக்கு மேல் வெள்ளை மாத்திரை. அட்டை இல்லை, பெயர் இல்லை, பொரி மாதிரி கொட்டிக் கிடந்தது.

"இன்னாம்மா இது, பெப்பர்மின்ட்டா?" என்று கேட்டது நான்தான்.

"அவுங்க அனுப்புனதுண்ணே. பிளேன்ல வெயிட் ஜாஸ்தி ஆவுதுன்னு அட்டையெல்லாம் உரிச்சிப் போட்டுட்டு மாத்திரையை மட்டும் இதுல போட்டுட்டாங்க."

அவள் புருஷன் பஷீர் அனுப்பியது. டப்பாவில் இரண்டு வகை இருந்தன. ஒன்று ஜமீலாவின் அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை. இன்னொன்று மாமனாருக்குச் சர்க்கரை மாத்திரை. இரண்டு பெரியவர்களும் ஒரே வீட்டில். பஷீர் நடுவில் ஒரு பேப்பரை மடித்துச் செருகித் தடுப்புக் கட்டியிருக்கிறான். "மேல இருக்கறது அம்மாவுக்கு, கீழ இருக்கறது அத்தாவுக்கு" என்று போனில் சொல்லியும் இருக்கிறான். விமானம், வேன், பஸ் எல்லாம் குலுக்கிய குலுக்கலில் தடுப்பு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டும் வெள்ளை, இரண்டும் வட்டம், இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு.

மாமனார் கெட்டிக்காரர். மருந்து கலந்துவிட்டதே என்று வருத்தப்பட்டுக்கொண்டே மாத்திரையை நிறுத்திவிட்டு ஜிலேபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மாதான் பிரச்சினை. தினம் காலையில் டப்பாவுக்குள் கையை விட்டு, பிஸ்மில்லா சொல்லி, கையில் வந்த ஒன்றைப் போட்டுக்கொள்வார். சில நாள் நன்றாக இருப்பார். சில நாள் வியர்த்துக் கொட்டி, கண் இருட்டி உட்கார்ந்துவிடுவார். அந்த வாரம் மட்டும் இரண்டு தடவை சமையல்கட்டில் விழுந்திருக்கிறார். இரண்டாவது தடவை அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி விழுந்ததால் பிழைத்தார்.

நீ உடனே சொன்னாய்: "எல்லாத்தையும் கொட்டிடும்மா. ரெண்டுமே என் கடையில இருக்குது. டாக்டர் சீட்டு மட்டும் கொண்டா."

"டாக்டரும் அதைத்தாண்ணே சொன்னாரு. அம்மா கேக்க மாட்டேங்குது. மருமவன் வெயில்ல நின்னு சம்பாரிச்சு அனுப்புன பாரின் மருந்து, அதைக் கொட்டிட்டு உள்ளூரு சுண்ணாம்பைத் திங்கச் சொல்றியாங்குது. ஒளிச்சு வெச்சாலும் தேடி எடுத்துடுது. எது பிரஷருது, எது சக்கரையுதுன்னு பிரிச்சு மட்டும் குடுத்துடுங்கண்ணே. இன்னொரு தபா உழுந்தா தாங்காது."

பஷீர் போனில் எழுத்து எழுத்தாகச் சொல்லி எழுதவைத்த இரண்டு பெயர்களும் அவளிடம் இருந்தன. புத்தகத்தில் இரண்டும் கிடைத்தன. நீ துள்ளிக் குதித்தாய். அந்த உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது. மதியம் இரண்டு மணிக்கு வா என்று அவளை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையில் இறங்கினோம். ஒன்று மற்றதைவிட ஒரு நூல் தடிமன் என்று கண்டுபிடித்து, நீ இடுக்கியால் இரண்டு குவியலாகப் பிரித்தாய். இடது குவியல், வலது குவியல். எது எது என்பதுதான் பாக்கி.

இந்த இடத்தில் என் மேதைத்தனம் உள்ளே நுழைந்தது. நான் உப்புக் கம்பெனி லேப்காரன். லேப் என்றால் ஒரு மேசை, நாலு கண்ணாடிக் குழாய், ஒரு மேனேஜர். இருந்தாலும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி. "பிரஷர் சரக்கு தண்ணியில கொஞ்சம் கரையும், சக்கரை சரக்கு சுத்தமா கரையாதுன்னு போட்டிருக்கான் பாரு. ரெண்டு கிளாஸ் தண்ணி எடு!" என்றேன். எடுத்தாய். போட்டோம். இரண்டும் ஒரே மாதிரி உடைந்து பால் மாதிரி ஆயின.

"புத்தகத்துல இருக்கறது சரக்கைப் பத்திடா. மாத்திரையில சரக்கு துளியூண்டு. மிச்சமெல்லாம் மாவு" என்றாய் நீ. "தெரியலைன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிடலாம். அம்மாவை வேற வழியில சமாளிப்போம்."

எனக்கு ஆறவில்லை. உப்புப் பாத்தியில் நிற்கிற ஆட்கள் என்ன செய்வார்கள்? தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து, இருபத்தி நாலு டிகிரி, இன்னும் ரெண்டு நாள் காயணும் என்பார்கள். உப்பு அடர்த்தி அளக்கும் கருவியை விட்டுப் பார்த்தால் இருபத்தி நாலேதான் இருக்கும். பத்து வருஷம் அவர்களோடு இருந்து எனக்கும் அந்த நாக்கு வந்துவிட்டதாக ஒரு நினைப்பு. ஆபீசில் எந்தப் பாத்தி உப்பு என்று பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். நீ ஒரு ஆளுக்கு இருமல் மருந்து எடுக்கத் திரும்பிய நேரத்தில், இடது குவியலில் ஒன்றை எடுத்து, கோட்டில் உடைத்து, பாதியை நாக்கில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடித்தேன். சுண்ணாம்பு. நன்றாக மென்றால் தெரியும் என்று மென்றேன். அது தன் பாட்டுக்கு உள்ளே போய்விட்டது.

நீ திரும்பிப் பார்த்தாய். "துப்புடா!"

"முழுங்கிட்டேன்."

"அறிவு இருக்குதா உனக்கு? அது பாத்தித் தண்ணியாடா? எந்தக் குவியல்?"

"இடது."

"சாப்பிட்டியா காலையில?"

"ஆச்சு" என்றேன்.

அது பொய். அப்போது தொப்பையைக் குறைக்கிறேன் என்று ஒரு விரதம் நடந்துகொண்டிருந்தது. முந்தின இரவிலிருந்து சர்க்கரை போடாத கடுங்காப்பி மட்டும். உன்னிடம் சொன்னால் ஊர் முழுக்கச் சொல்வாயே என்று மறைத்தேன். நீ நம்பி, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, "நகரக் கூடாது" என்றாய். நானும் உட்கார்ந்து மேனேஜரின் இரண்டாவது குடும்பத்தைப் பற்றி அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி ஆகப்போகும்போது கதையில் மேனேஜரின் பெயர் எனக்கு மறந்துபோனது. எதிரில் நின்ற பஸ் இரண்டாகத் தெரிந்தது.

"டேய், மயக்கமா வருதுடா" என்றேன்.

"நடிக்காத" என்றாய்.

உன்மேல் தப்பில்லை. நெஞ்சுவலி என்று நடித்து உன்னை இரண்டு தடவை ஓடவைத்தவன் நான். ஆனால் நீ பக்கத்தில் வந்து என் சட்டையைத் தொட்டுப் பார்த்தாய். தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி நனைந்திருந்தது. உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். குளுக்கோஸ் பொட்டலத்தை நீ பல்லால் கிழித்தது. என் வாயில் திணித்தது. வாசலில் ஜமீலா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றது. "எங்கம்மாவும் இப்பிடித்தாண்ணே! இதே மாதிரிதான் வேர்க்கும்!" என்று அவள் கத்தியது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை பாட்டில் ஏற்றினார்கள். டாக்டரம்மா திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது; உன் புத்தகத்தில்கூட அவ்வளவு காரமான பொருள் இருக்காது. கண் விழித்ததும் நான் கேட்டது, "இடது குவியல்தானே சக்கரை? கண்டுபுடிச்சிட்டேன் பாத்தியா?" என்பதுதான். நீ சிரிக்கவில்லை. அந்த நாள் முழுக்க நீ சிரிக்கவே இல்லை. மடியில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"எலி செத்தா ஒரு நம்பர் போட்டு எழுதி வெப்பான்டா. நீ செத்திருந்தா உன் பொண்டாட்டிகிட்ட எந்தப் பக்கத்தைத் தெறந்து காட்டுவேன்?"

 

மூன்றாம் நாள் நாம் கோட்டக்குப்பம் போனோம். புத்தகத்தைத் துண்டில் சுற்றி நீ வைத்திருந்த பக்குவத்தைப் பார்த்து கண்டக்டர், "கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். என்னை எதற்குக் கூட்டிப்போகிறாய் என்று எனக்குப் புரியவில்லை. அங்கே போன பிறகுதான் தெரிந்தது, நான் சாட்சிப் பொருள் என்று.

ஜமீலாவின் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். டப்பா மடியில்.

"இவன்தாம்மா, உங்க டப்பாவுல இருந்து பாதி மாத்திரை தின்னவன்" என்று என்னை முன்னால் தள்ளினாய்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாதிக்கேவா உழுந்துட்ட? நான் முழுசு போட்டுக்கினு ஒரு வூடே கூட்டுவேன். ஆம்பளைன்னு பேரு!"

மாமனார் மூலையில் ஜிலேபியோடு குலுங்கினார். ஜமீலாவுக்கு முகம் சுருங்கிப்போனது. தோற்றோம் என்றுதான் நினைத்தேன். நீ அவசரப்படவில்லை. கீழே உட்கார்ந்து துண்டைப் பிரித்தாய். பிரஷர் மருந்தின் பக்கத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாய். பக்கத்தில் உன் கடை மாத்திரை அட்டை ஒன்றை வைத்தாய்.

"அம்மா, உங்க மருமவன் அனுப்புன மருந்தோட சொந்தப் பேரு இதான். கம்பெனிக்காரன் வெச்சது செல்லப் பேரு. நம்ம ஊரு அட்டையில சின்னதா கீழ போட்டிருக்குது பாருங்க. அதே பேருதானான்னு நீங்களே பாத்து சொல்லுங்க."

"எனக்கு இங்கிலீசு தெரியாதே."

"படிக்க வேணாம்மா. உருவத்தைப் பாருங்க."

அவர் கண்ணாடி கேட்டார். அட்டையைக் கண்ணருகே பிடித்து, ஒரு விரலைப் புத்தகத்தின் எழுத்தில் வைத்து, இன்னொரு விரலை அட்டையில் வைத்து, ஒவ்வொன்றாகப் போனார். பாதியில் ஒரு தடவை தடுமாறி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த அறையில் ஜிலேபி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. கடைசி எழுத்தில் விரல் நின்றது.

"இந்தப் புக்கு எந்த ஊருது?"

"அமெரிக்கா."

"துபாயைவிட தூரமா?"

"ரொம்ப தூரம்மா."

"அப்ப சரி" என்று டப்பாவை எடுத்து உன் கையில் கொடுத்தார். அதைக் கொடுக்கும்போது ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார். மருமகன் அனுப்பியதாயிற்றே. நீ மாத்திரையை மட்டும் உன் பையில் கொட்டிக்கொண்டு, காலி டப்பாவைத் துடைத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தாய். அதற்குப் பிறகு உன் கடை மாத்திரைகள் அந்தத் துபாய் டப்பாவிலேயே குடியிருந்தன, இந்தத் தடவை அட்டையோடு. அவர் அதற்குப் பிறகு விழவில்லை. மாமனாருக்கு ஜிலேபி நின்றது. அந்தக் கோபத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இந்தாளு ஒழுங்கா இருந்திருந்தா" என்று ஆரம்பிப்பார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் நீ சிரித்தாய். காலாப்பட்டில் ஆரம்பித்த சிரிப்பு மரக்காணம் வரை நிற்கவில்லை. "நான் முழுசு போட்டுக்கினு வூடே கூட்டுவேன்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். இறங்கியதும் பெட்டிக்கடையில் இரண்டு ஆரஞ்சு மிட்டாய் வாங்கி என் சட்டைப் பையில் போட்டாய். "இது எப்பவும் இங்க இருக்கணும். உன்னை நம்ப முடியாது" என்றாய்.

அடுத்த வருஷம் புத்தகத்தின் புதுப் பதிப்பு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நீ தூக்கமில்லாமல் திரிந்தாய். பழையதில் இல்லாத மருந்து எத்தனையோ உள்ளே வந்திருக்கும் என்று கனவு கண்டாய். இதை ஜமீலாவிடம் சொன்னது நான்தான். வேறு யார் சொல்வார்? பஷீர் லீவில் வந்தபோது நேரே உன் கடைக்கு வந்தான். தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். புதுப் பதிப்பேதான். நீ இரண்டு கையாலும் வாங்கினாய். வாங்கின வேகத்தில் முதல் பக்கம் உன் கையோடு வந்துவிட்டது.

"அட்டை எங்கப்பா?" என்று கேட்டாய், குரலே இல்லாமல்.

"அது ரொம்ப வெயிட்டா இருந்துச்சுங்க, சார். உரிச்சிட்டேன். உள்ள எதையும் எடுக்கல, சத்தியமா."

நாம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் உனக்குக் குளுக்கோஸ் தேவைப்பட்டிருக்கும். பஷீருக்குக் கடைசி வரை காரணம் புரியவில்லை. நீ ஒரு பழைய மருந்துக் கம்பெனிக் காலண்டர் அட்டையை வெட்டி அதற்குச் சட்டை தைத்தாய். அந்தச் சட்டையோடுதான் நேற்று என் வீட்டுக்கு வந்திருக்கிறது. முன்பக்கத்தில் ஒரு குழந்தை டானிக் குடிக்கிறது.

நேற்று மதியம் பழைய புத்தகத்தில் அந்தச் சர்க்கரை மருந்தின் பக்கத்தைத் தேடினேன். என்னை விழவைத்த ஆசாமியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான். அங்கே எலிக்கு எவ்வளவு, சுண்டெலிக்கு எவ்வளவு என்று அச்சில் இருக்கும் வரிக்குக் கீழே, பென்சிலில், உன் கோழிக்கிறுக்கல்:

"மரக்காணத்து உப்பு ஆள் ஒருவன்: பாதி மாத்திரை, வெறும் வயிறு. பிழைத்தான். மறுபடி சோதிக்கக் கூடாது. ஸ்டாக் ஒன்றுதான் இருக்கிறது."

வெறும் வயிறு என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு நாளும் நீ கேட்கவில்லையே, படுபாவி.

ஓடிப்போய்ப் புதுப் பதிப்பை எடுத்தேன். அதே மருந்து, வேறு வரிசை எண். அதன் ஓரத்திலும் பென்சில் இருந்தது: "முந்தைய பதிப்பில் சொன்ன ஆள் நலம்."

பென்சிலைத் தேடி எடுத்து அதற்குக் கீழே எழுத உட்கார்ந்தேன். நானும் வருஷக்கணக்காக லேப் ரிப்போர்ட் எழுதினவன்தானே, நன்றாக ஏதாவது தோன்றும் என்று நினைத்தேன். கடைசியில் எழுதியது, "இப்போதும் நலம்" என்ற இரண்டே வார்த்தை. உன் கடைச் சரக்குக்கு நீ ஒட்டுகிற சீட்டு மாதிரி.

சட்டைப் பையில் கை விட்டேன். இரண்டு ஆரஞ்சு மிட்டாய் இருந்தன. தீரத் தீர நானே வாங்கி வைத்துவிடுகிறேன், இன்று வரை. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டேன்.

இனிக்குதுடா. இதுக்குப் புத்தகம் வேண்டாம்.